பச்சைப் பலகைக்கு மேலே

இது நடந்தது. கனவு, காய்ச்சல், கட்டுக்கதை என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் எங்கள் ஊருக்கு ஒரு மூடுபனி நாளில் வரட்டும். சொந்த வண்டியில் வரட்டும். அன்றைக்கு அந்த வேனுக்குள் இருந்தவர்களைத் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டுப் பார்த்தாயிற்று. ஒரு வார்த்தை மாறவில்லை.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாவிட்டால் நடந்தது விளங்காது.

பெரிய நகரத்திலிருந்து மலைப்பாதையில் ஒரு மணி நேரம் ஏறினால் எங்கள் ஊர். வாசலில் நின்றால் நகரத்து விளக்குகள் மொத்தமும் காலுக்குக் கீழே தெரியும். ஆனால் நகரத்தின் கணக்கில் நாங்கள் கிடையாது. வேறு யாருடைய கணக்கிலும் கிடையாது. மேயர் இல்லை, கவுன்சிலர் இல்லை, போலீஸ் ஸ்டேஷன் இல்லை. வரைபடத்தில் நாங்கள் இருக்கிற இடத்தில் பச்சை வண்ணம் பூசியிருக்கும், அவ்வளவுதான். தண்ணீர்க் குழாய் உடைந்தால் நாங்களே ஒட்டுகிறோம். மண் சரிந்தால் நாங்களே அள்ளுகிறோம். ஏலத்தில் எடுத்த பழைய வேன் ஒன்று இருக்கிறது. தீப்பிடித்தாலும் அதுதான், நெஞ்சு வலித்தாலும் அதுதான், நகரத்தில் செத்தவரை வீட்டுக்குக் கொண்டுவரவும் அதுதான். யாரிடமும் கையேந்தாமல் இத்தனை வருஷம் ஓட்டிவிட்டோம் என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இருக்கட்டுமே!

பாதையின் பாதி தூரத்தில் ஒரு பச்சைப் பலகை நிற்கிறது. நகர எல்லை அங்கே முடிகிறது. அதற்கு மேலே தங்கள் ஆட்கள் வர மாட்டார்கள் என்று அதிகாரிகள் எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் பலகையடி வரைக்கும் வந்து நிற்கும். நோயாளியை வேனில் இறக்கிக் கொண்டுபோய் நாங்கள் ஒப்படைக்க வேண்டும். வளைவுகளில் தடுப்புச் சுவர் கேட்டோம். இல்லை. ரோட்டில் வெள்ளைக் கோடாவது போடச் சொன்னோம். அதுவும் இல்லை.

மழைக்காலத்தில் ஒரு காரியம் மட்டும் தவறாமல் செய்வார்கள். பலகைக்குப் பக்கத்தில் 'பாதை மூடப்பட்டுள்ளது' என்று ஒரு தகரத்தை நட்டுவிட்டுப் போவார்கள். மூடினால் நாங்கள் எப்படிப் போவது, வருவது? அதெல்லாம் அவர்கள் கவலை இல்லை. நாங்கள் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்து கோழிக்கூண்டுக்குக் கூரை போட்டுவிடுவோம். நல்ல கெட்டித் தகரம். ஊரில் பாதிக் கோழிகள் அரசாங்க உத்தரவுக்குக் கீழேதான் தூங்குகின்றன.

வேனை ஓட்டுகிறவள் பஞ்சர் அக்கா. ஊர் முகப்பில் டயர் கடை வைத்திருக்கிறாள். பெற்றவர்கள் வைத்த பெயர் டிரைவிங் லைசென்ஸில் இருக்கும். கை வேகம், வாய் அதைவிட வேகம். அதிகாரி என்று யார் வந்து நின்றாலும் நேருக்கு நேர் கேட்டுவிடுவாள்.

அன்றைக்கு அவளுடைய தங்கைக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. நாள் இன்னும் இருந்தது. தங்கையின் கணவன் நகரத்தில் ஒரு ஓட்டல் லாண்டரியில் வேலை பார்க்கிறான், அங்கேதான் இருந்தான். கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கும் நர்ஸம்மா ஓடி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள். நகரத்து ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவள் முகம் மாறியது.

"குழந்தைக்குக் கால் கீழ இருக்குடி. ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும். இங்க வெச்சுப் பாத்தா ரெண்டு உயிரும் நமக்கில்ல."

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். பலகையடியில் நிற்கிறோம் என்றார்கள்.

வேன் கிளம்பியபோது மாலை நாலு மணி. வெளிச்சம் இருந்திருக்க வேண்டிய நேரம். ஆனால் மதியத்திலிருந்தே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. வண்டியின் மூக்குக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பஞ்சர் அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டி, தார் எங்கே முடிகிறது என்று பார்த்துப் பார்த்து ஓட்டினாள். பின்னால் தங்கை முனகினாள். நர்ஸம்மா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பாதையில் அக்காவுக்குத் தெரியாத கல் கிடையாது. புளியமரம் போனால் சின்ன வளைவு. அது போனால் பாலம். பாலம் போனால் குறுகல் வளைவு. இடது பக்கம் பாறை, வலது பக்கம் பள்ளம். ஒரு வண்டி மட்டும்தான் போகும்.

பாலத்தைத் தாண்டியதும் தவளைச் சத்தம் நின்றது.

அதுவரை காது கிழிகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தவை. சட்டென்று நின்றன. வைப்பர் மட்டும்... சரக்... சரக்...

குறுகல் வளைவில் ஓர் ஆள் நின்றான்.

ஆரஞ்சு மழைக்கோட்டு. தலையில் தொப்பி. கையை உயர்த்திக்கொண்டு ரோட்டின் நடுவில் நின்றான். அக்கா பிரேக்கை மிதித்தாள். அவன் நிதானமாக ஜன்னல் பக்கம் வந்தான். எந்த ஆபீஸிலும் கவுண்டருக்குப் பின்னால் பார்க்கக்கூடிய முகம். கொஞ்சம் களைப்பு. நல்ல மரியாதை.

"பாதை இல்லைங்க. திரும்பிப் போங்க."

அக்காவுக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. நகரத்து ஆள்! பலகையைத் தாண்டி இத்தனை வருஷம் ஒருத்தரும் வந்ததில்லை, இன்றைக்குப் பார்த்து வந்து நிற்கிறான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பிரசவ கேஸ். வழி விடுங்க."

"திரும்பிப் போங்க. இங்கயே திருப்பலாம். இடம் இருக்கு."

அவன் வலது பக்கம் கையைக் காட்டினான். அக்கா பார்த்தாள்.

இடம் இருந்தது.

அகலமான தார்த் தளம். ஒரு லாரியையே திருப்பலாம். ஓரத்தில் பளிச்சென்று வெள்ளைக் கோடு. அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். முந்தாநாள்தான் இந்த வழியாக வந்தாள். அங்கே பள்ளம் அல்லவா இருந்தது? எப்போது போட்டார்கள்? நாம் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டபோது கிடைக்காத கோடு, நம்மைத் திருப்பி அனுப்ப மட்டும் கிடைத்துவிட்டதா?

நர்ஸம்மா பின்னாலிருந்து சொன்னாள். "திருப்பிடும்மா. வீட்டுக்குப் போய் என்னால முடிஞ்சதைப் பாக்கறேன்."

முடிஞ்சதை என்றால் என்ன என்று இருவருக்கும் தெரியும். தங்கைக்கும் தெரியும். அவள் வீறிட்டு அழுதாள்.

அக்காவின் கை கியரில் இருந்தது. ஒரு நிமிஷம் ரிவர்ஸ் போட்டுவிடத்தான் நினைத்தாள். இதை அவளே ஒத்துக்கொள்கிறாள்.

அப்போதுதான் அவனைச் சரியாகப் பார்த்தாள். தூறிக்கொண்டிருந்தது. அவன் மழைக்கோட்டில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. கோட்டில் வெள்ளிப் பட்டைகள் இருந்தன. ஹெட்லைட் நேராக அடித்தபோதும் அவை மின்னவில்லை. அவள் பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது. அவன் பேசும்போது வரவில்லை. பக்கத்தில் ஜீப் இல்லை, பைக் இல்லை. நகரத்து ஆள் நடந்து வந்ததாகச் சரித்திரமே கிடையாது.

கை ஜன்னல் கண்ணாடியை ஏற்றப் போனது. ஆனால் வாய் பழக்கதோஷத்தில் முந்திக்கொண்டது.

"யோவ், நீ யாரு சொல்றதுக்கு? பலகைக்கு மேல எங்களது இல்லன்னு எழுதிக் குடுத்தவங்க நீங்கதானே? செத்தாக்கூட வர மாட்டோம்னீங்கல்ல? அப்ப இது உன் ரோடு இல்ல. என் ரோடு. தள்ளு!"

அவன் ஜன்னல் விளிம்பில் கையை வைத்தான். கதவுத் தகரம் ஐஸ் மாதிரி ஆனது. அக்கா கிளட்சை விட்டாள்.

வண்டி நகர்ந்தது. இடது பக்கப் பாறையை உரசிக்கொண்டே போனது. கீறல் விழுந்தால் விழட்டும் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த வளைவு.

அதே ஆரஞ்சு. அதே கை.

"திரும்பிப் போங்க."

அக்கா நிறுத்தவில்லை. ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு நேராக விட்டாள். இடித்த சத்தம் இல்லை. அதிர்வு இல்லை. வலது பக்கம் மறுபடியும் அந்த அகலமான தளம், அந்த வெள்ளைக் கோடு, வா வா என்றது.

அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஹாரன் தானாக நின்றுவிட்டது.

சரக்... சரக்...

அப்புறம் பின்னாலிருந்து குரல்.

"அக்கா... திருப்பிடுக்கா... வலி தாங்கலக்கா..."

தங்கையின் குரல். அக்காவின் கண் கலங்கிவிட்டது.

"கொஞ்சம் பொறுத்துக்கடி. வந்துட்டோம்."

"திருப்பிடுக்கா... வீட்டுக்குப் போயிடலாம்..."

"நர்ஸம்மா, அவளைப் பேச வேண்டாம்னு சொல்லுங்க."

ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் மறுபடி கூப்பிட்டாள்.

"நர்ஸம்மா?"

நர்ஸம்மா முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அவ பேசலம்மா. துண்டைக் கடிச்சுக்கிட்டு இருக்கா."

அக்கா பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தாள்.

தங்கையின் வாயில் துண்டு.

"திருப்பிடுக்கா..."

காதுக்குப் பக்கத்தில்.

அக்கா அழுதாள். அழுதுகொண்டே கத்தினாள்.

"மாட்டேன்டா! என்ன பண்ணுவ? மாட்டேன்!"

ஸ்டியரிங்கை விடவில்லை.

சரக்...

சரக்...

மூடுபனிக்குள் சிவப்பாக ஒன்று சுழன்றது.

ஆம்புலன்ஸ்.

பச்சைப் பலகையைத் தாண்டியதும் தவளைச் சத்தம் திரும்ப வந்தது. கூடவே ஹாரனும் வந்தது. அக்கா அதிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஆம்புலன்ஸ் டிரைவர் ஓடி வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான்.

இரவு எட்டு மணிக்குக் குழந்தை பிறந்தது. பெண். தாயும் நலம், குழந்தையும் நலம். லாண்டரிக்காரன் ஈரக் கையோடு குழந்தையை வாங்கிக்கொண்டு அழுதான். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். தங்கையிடம் அக்கா எதையும் கேட்கவில்லை. நாலு நாள் கழித்துத் தங்கையே கேட்டாள்.

"வேன்ல என்னை மாதிரியே பேசினது யாருக்கா?"

அதற்கு முன்னால், பிறந்த மறுநாள் காலையிலேயே, அக்கா வேனை எடுத்துக்கொண்டு தனியாக ஊருக்குத் திரும்பினாள். வேறு பாதை கிடையாது. இருந்திருந்தாலும் அதில் போயிருக்க மாட்டாள். நல்ல வெயில். குறுகல் வளைவில் ஒரு தனியார் கிரேன் நின்றது. பள்ளத்திலிருந்து ஒரு சிவப்புக் காரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். வலது பக்கம் தளமும் இல்லை, வெள்ளைக் கோடும் இல்லை. தார் முடிகிற இடத்தில் காற்று ஆரம்பித்தது.

கிரேன்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நேத்து சாயங்காலம் விழுந்திருக்கும்மா. புருஷன், பொண்டாட்டி. ரெண்டு பேரும் போயிட்டாங்க. உங்க ஊருக்கு வந்துட்டு இருந்தவங்க போல."

அக்கா அந்தக் காரைப் பார்த்தாள். விடுமுறைக்கு வந்து எங்கள் ஊரில் தங்கியிருந்த ஜோடி. முந்தின நாள் மதியம் பின் சக்கரத்துக்குக் காற்று அடித்துக் கொடுத்ததே அவள்தான். இருட்டுவதற்குள் நகரத்துக்கு இறங்கிவிடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"வந்துட்டு இருந்தாங்கன்னு எப்படிச் சொல்றீங்க?"

"வண்டி மூக்கு உங்க ஊர்ப் பக்கம் பாத்துல்ல கிடந்துச்சு? நானும் இந்த வளைவுல எவ்வளவோ வண்டி எடுத்தாச்சும்மா. எல்லாமே அப்படித்தான். இறங்குற வண்டி ஒண்ணுகூட விழுந்ததில்ல. உங்க ஊருக்கு ஏறுறவங்களுக்குத்தான் என்ன அவசரமோ!"

அக்கா பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். அந்த வண்டிகளில் பாதியை அவளுக்குத் தெரியும். காய்கறி வேன், கேஸ் லாரி, தபால்காரர் ஜீப். எல்லாமே அவள் கடையைத் தாண்டிக் கீழே இறங்கிப் போனவை. ஒன்றும் ஏறி வரவில்லை. ஒவ்வொருவரிடமும் யாரோ மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களும் நல்லவர்கள், சொன்னதைக் கேட்டிருக்கிறார்கள்.

அவளுக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அந்த வாரமே ஊர் கூடி, கோழிக்கூண்டுத் தகரம் ஒன்றைக் கழற்றி, சிவப்புப் பெயின்டில் கொட்டை எழுத்தில் எழுதி, குறுகல் வளைவில் சிமெண்ட் போட்டு நட்டோம். 'யார் சொன்னாலும் இங்கே திரும்பாதீர்கள்.' நகரத்திலிருந்து ஒரு அதிகாரி போன் பண்ணி, யாரைக் கேட்டு வைத்தீர்கள் என்றார். அன்றைக்கு ஆரஞ்சுக் கோட்டில் யாரை அனுப்பினீர்கள் என்று அக்கா திருப்பிக் கேட்டாள்.

"நாங்க யாரையும் அனுப்பலைங்க. எங்க ஆட்களுக்கு ஆரஞ்சுக் கோட்டே கிடையாது. எப்பவுமே நீலம்தான்."

எங்கள் தகரப் பலகை இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. மூடுபனி விழுந்து கலைகிற காலைகளில் மட்டும் அது திரும்பியிருக்கிறது. எழுத்து பள்ளத்தைப் பார்க்கிறது, வெறும் தகரம் ரோட்டைப் பார்க்கிறது. கம்பத்தடிச் சிமெண்டில் ஒரு கீறல் இல்லை. போல்ட்டுகள் இறுக்கியது இறுக்கியபடி இருக்கின்றன.

பஞ்சர் அக்கா ஸ்பேனரோடு போகிறாள். கழற்றி, ரோட்டைப் பார்க்க மாட்டி, முன்னைவிட இறுக்கமாக முறுக்கிவிட்டு வருகிறாள்.

இன்று காலையும் போயிருக்கிறாள்.