பெயர்ப்பலகையின் நிழல்

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். ஒன்றை மட்டும் விடுகிறேன்: நாங்கள் போன கல்லூரியின் பெயர். தங்கள் பிழையையும் மறைக்காமல் காட்டியவர்களுக்கு அது என் நன்றி.

நீர்வேலியிலுள்ள எங்கள் பாடசாலைக்கு சோலர் தகடுகள் வாங்கித் தர, கனடாவிலிருக்கும் பழைய மாணவி பரமேஸ் அன்ரி முன்வந்தார். அவர் கேட்டது ஒன்றே: வீதியால் போகிறவர்களுக்குத் தெரியும்படி, கூரைமேல் காலஞ்சென்ற தன் தாயாரின் பெயர்ப்பலகை. வேலை தொடங்குமுன், ஏற்கெனவே தகடு பூட்டிய கல்லூரியொன்றைப் பார்த்துவர விஞ்ஞான ரீச்சர் ஒரு சனிக்கிழமை மாணவியான என்னையும் கூட்டிப்போனார்.

பருத்தித்துறை பஸ்ஸில் ஏறி வல்லைச் சந்தியில் இறங்கினோம். அங்கிருந்து உடுப்பிட்டிப் பக்கம் நாலு கிலோமீற்றர் ஓட்டோ, நானூறு ரூபாய்.

"வெயில் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்? நீர்வேலியில வெயில் இல்லையோ?" என்று, வந்த காரியத்தைக் கேட்டு ஓட்டோ அண்ணை சிரித்தார்.

கல்லூரியில் பொறுப்பாசிரியர் எங்களை எதிர்க் கட்டடத்தின் மாடிக்கு ஏற்றினார். பின்னேரம் மூன்று மணி. கூரையில் கொடையாளியின் பெயர்ப்பலகை தகடுகளை விடப் பெரிதாக நின்றது. அதன் நிழல் முன்வரிசைத் தகடுகளில் நீளமாக விழுந்திருந்தது.

"ஒரு வரிசையிலதானே நிழல், சேர்?" என்றேன்.

"எல்லாம் தொடுத்துப் பூட்டினது, பிள்ளை. ஒண்டு மறைஞ்சால் மற்றதுகளிலயும் கரண்ட் குறையும். நாங்கள் மத்தியானம் பாத்து இடம் குறிச்சனாங்கள். அப்ப நிழலே இல்லை."

"பலகையைக் கழட்டேலாதோ?"

"அவர் லண்டனிலயிருந்து வந்து, அதுக்குக் கீழ நிண்டு படம் எடுத்தவர். ஆர் போய்ச் சொல்லுறது?"

எங்களுக்கும் அதே கேள்விதான். பலகை வேண்டாமென்றால் அன்ரி மனம் நொந்து தகடுகளையே நிறுத்திவிட்டால்? ரீச்சர் நிழலைப் படமெடுத்து, தயங்கித் தயங்கி வட்ஸ்அப்பில் அனுப்பினார். திரும்பும் பஸ் வல்லைவெளியைக் கடக்கையில் அன்ரி அழைத்தார்.

"அம்மாவின்ரை பேர் வெளிச்சத்தை மறைக்கிறதோ? வேண்டாம் ரீச்சர். ஆளில்லாத அறையில லைற் எரிஞ்சாலே ஏசிற மனுசி அவ." பிறகு, "சின்னதாய் எழுதி மண்டபத்துச் சுவிச்சுக்குப் பக்கத்தில பூட்டிவிடுங்கோ. பிள்ளையள் லைற்றை அணைக்கேக்க பாக்கட்டும்" என்றார்.

ரீச்சர் போனை என்னிடம் நீட்டினார். வாங்கி நான்தான் நன்றி சொன்னேன். அந்தக் கல்லூரிச் சேருக்கும் இதை அறிவித்தோம். லண்டன்காரரிடம் கதைத்துப் பார்ப்பதாகச் சொன்னார்.

இப்படிப் பார்க்கப் போகிறவர்களே, மத்தியானம் மட்டும் போய்த் திரும்பாதீர்கள். காலையிலும் பின்னேரத்திலும் நிழல் எங்கே விழுகிறதென்று பாருங்கள். பிழை நடந்த இடத்தையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது எங்கள் கூரையில் தகடுகள் மட்டுமே. நேற்று மாலை வகுப்பு முடிந்து கடைசியாக வெளியே வந்தவள் நான். சுவிச்சுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவு பலகை. பெயரை வாசித்துவிட்டு, மண்டபத்து விளக்குகளை அணைத்தேன்.