முள்ளை நகர்த்தும் மூச்சு

கிருபாபாய் ஒரு மூச்சு ஊதினால் அய்யனார் கோவில் அருவியில் தண்ணீர் கொட்டும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். அருவிக்கு ஒன்றும் ஆகாது. அவள் மேசைமேல் இருக்கும் மீட்டரின் முள் நகரும்.

செட்டியார்பட்டிக்காரி, கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறாள். ஆய்வுக்கூடத்தில் நுழைந்ததும் சட்டைப் பொத்தான் அளவு வில்லை ஒன்றை எடுத்து ‘ஹா’ என்று ஊதுவாள். இரும்பு ஆக்சைடும் மக்னீசியம் ஆக்சைடும் சேர்த்து, கல்வத்தில் மணிக்கணக்காக அரைத்து, அழுத்தி, உலையில் சுட்ட வில்லை. அதன் நுண்துளைகள் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். குடித்தால் மின்சாரம் எளிதாகப் பாயும். “மூணு வருசமா அரைக்கேன். மாவு அரைச்சிருந்தா ஊருக்கே தோசை சுட்டிருக்கலாம்” என்பாள்.

நூல் மில்லில் காற்று காய்ந்தால் இழை அறும். அதை முன்கூட்டியே சொல்ல இந்த வில்லை போதும் என்பது அவள் கட்சி. 1991 ஆடியில் ஒரு மில்லின் மேனேஜர் சௌந்தரபாண்டியன் சோதித்துப் பார்க்க ஒரே ஒரு ஷிப்ட் கொடுத்தார். “சரியாச் சொன்னா பன்னெண்டு வில்லை வாங்குதேன். தப்புன்னா இந்தப் பக்கமே வரக்கூடாது, டீச்சர்.”

காற்றில் ஈரம் ஐம்பது சதவீதம் என்றது வில்லை. சுவரில் தொங்கிய ஈரமானியோ எழுபது என்றது. மேஸ்திரி ஆண்டிச்சாமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“நாலு ஊது ஊதுங்க டீச்சர், எழுபதுக்கு வந்துரும்!”

“ஊத மாட்டேன். எழுபதுன்னா ஒங்க நூலு ஏன் இம்புட்டு அறுது? அதைச் சொல்லுங்க மொதல்ல.”

கேட்டபடியே போய் ஈரமானியின் குமிழில் சுற்றியிருந்த திரியைத் தொட்டாள். அது நனைந்திருக்க வேண்டும். காய்ந்தால், ஈரமானி இல்லாத ஈரத்தை இருப்பதாகக் காட்டும். நுனியில் மட்டும் லேசாக ஈரம்; மற்றதெல்லாம் அப்பளமாகக் காய்ந்து கிடந்தது. பஞ்சு மலைமலையாகக் குவிந்த மில்லில் விரல் நீளத் திரிக்குத் தண்ணீர் விட ஆளில்லை!

ஆண்டிச்சாமியே தண்ணீர் ஊற்றினார். அறுபத்திரண்டு, ஐம்பத்தைந்து என்று இறங்கி, கால் மணி நேரத்தில் ஐம்பத்தொன்றில் வந்து நின்றது.

“பன்னெண்டும் எப்பம் வரும்?” என்றார் மேனேஜர்.

அந்தக் கால் மணி நேரமும் வில்லைமேல் பட்டுவிடக் கூடாதென்று கிருபாபாய் மூச்சே விடவில்லை என்று எழுதி, ஆண்டிச்சாமிக்கு வாசித்துக் காட்டினேன்.

“மூச்சடக்க அவிய என்ன ஆமையா, ஆச்சி?” என்றார். “மூச்செல்லாம் விட்டாவ. வில்லைக்கு முதுகக் காட்டிக்கிட்டு, முந்தானையச் சுருட்டி வாயில வச்சு, அதுக்குள்ள விட்டாவ.”