பாட்டுப்பெட்டியும் அப்பாவின் காதும்

பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் ஸ்பீக்கரில் ‘டொப்’ என்று ஒரு சத்தம் வரும். திருவானைக்காவல் வீட்டில் காலை நேரம், அடுப்பில் பால் பொங்கும் வாசனை, அந்த ‘டொப்’, அப்புறம் ஒரு பழைய சினிமாப் பாட்டு...

பெட்டி என் கைவேலை. உள்ளங்கை அளவில், லினக்ஸில் ஓடும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு, ஒரு ஜோடி பழைய ஸ்பீக்கர். மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது. சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்பாவுக்காகச் செய்தேன். அங்கிருந்தே லேப்டாப் வழியாகப் பெட்டிக்குள் நுழைந்து புதுப் பாட்டு ஏற்றுவேன். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை வேறு!

அப்பா துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் இரும்புத் தகடு அடித்தே ரிட்டயர் ஆனவர். இடது காது அங்கேயே போய்விட்டது. வலது காது ஏதோ பரவாயில்லை.

அந்தச் சமயம் காட்டூரில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அம்மா துணைக்கு அங்கே போயிருந்தாள். அப்பா மட்டும் வீட்டில். போனில் பேசினால் அவருக்குப் பாதி புரியாது என்பதால் எங்களுக்குள் வாட்ஸ்அப்தான். ‘பாட்டு கேக்குதாப்பா?’ என்று அனுப்பினால் கட்டைவிரல் படம் வரும்.

ஆனால் பேத்தியைப் பார்க்க மட்டும் அவர் போகவே இல்லை. கேட்டால் முட்டி வலி என்றார். காட்டூர் என்ன காசியா? ஒரு பஸ் மாறினால் போதும்.

அக்கா போனில் அழுதாள். “பொண்ணுன்னுதான் வரலையாடா?”

அப்பா அப்படிப்பட்டவர் இல்லை. ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமை ஊருக்கு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்தால் பாட்டைக் காணோம். பெட்டி முன்னால் அப்பா சும்மா உட்கார்ந்திருந்தார்.

“பெட்டி ஏம்ப்பா பாடல?” என்று உரக்கக் கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தார். “உனக்கும் கேக்கலையாடா?”

அப்புறம் மெல்லச் சொன்னார். “பஸ் ஹாரன் கேக்குது, பக்கத்து வீட்டு மிக்ஸி கேக்குது. பாட்டு கேக்கல. வால்யூமை முழுசா திருகிப் பாத்தேன். சரி, மெல்லிசு சத்தமெல்லாம் போயிடுச்சு போலன்னு நெனச்சிட்டேன்... பச்சப்புள்ளைய மடியில வெச்சிக்கிட்டு, அது அழறது கேக்காம நான் உக்காந்திருந்தா உங்கக்கா மனசு என்னடா ஆவும்?”

எனக்குக் கோபம் வந்தது. கட்டைவிரல் படத்துக்குப் பதிலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மனுஷன்!

லேப்டாப்பைத் திறந்தேன். பாட்டு ஓடுகிறது என்றது. ஒரு எர்ரர் இல்லை. ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன், அசையவில்லை. கடைசியில்தான் சத்தம் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்கத் தோன்றியது. தானாக ஏறிய அப்டேட் ஒன்று வழியை மாற்றி வைத்திருக்கிறது. ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய பாட்டெல்லாம், டிவிக்கான எச்டிஎம்ஐ பக்கம் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஒயரே கிடையாது.

ஒரே ஒரு வரியை மாற்றி ரீஸ்டார்ட் கொடுத்தேன். வால்யூம் முழுசாகத் திருகியபடி இருப்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

வீடே அதிர்ந்தது. எதிர்வீட்டுக்காரர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தார். “என்ன சார், வீட்ல விசேஷமா?”

அப்பா ஜன்னல் வழியாகக் கத்தினார். “கேக்குதுங்க! எனக்குக் கேக்குது!”

மத்தியானமே காட்டூர். முட்டி வலி போன இடம் தெரியவில்லை. மடியில் வைத்ததும் குழந்தை வீல் என்று கத்தியது. அக்கா பதறிப்போய்க் கை நீட்டினாள்.

“இரும்மா, கொஞ்சம் அழட்டும்” என்றார் அப்பா.

இப்போது வாயால் கேட்டாலே பாடும் ஸ்பீக்கர் வந்துவிட்டது. கெட்டுப்போனால் தூக்கிப் போட வேண்டியதுதான், நோண்டிப் பார்க்க ஒன்றுமில்லை. எனக்கு அதில் லேசாக வருத்தம்தான். அப்பாவின் வலது காதில் மெஷின் ஏறிவிட்டது. பேத்தி ஸ்கூல் போகிறாள். லீவுக்கு வந்தால் வீடு இரண்டுபடும்.

“அந்த மெஷினக் கழட்டி வெச்சிட்டு நிம்மதியா இருங்களேம்ப்பா” என்பாள் அக்கா.

அவர் கழற்றுவதில்லை. ராத்திரி தூங்கப் போகும்போதுதான் கழற்றுகிறார்... அதுவும் பேத்தி தூங்கிவிட்டாளா என்று பார்த்த பிறகு.