பாம்பைப் பார்க்கக் கூடாத வாரம்

எங்கள் வீட்டுக்குப் பாம்பு வந்தது ஓகஸ்ட் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. அட்டைப் பெட்டியைத் தொடவே மாட்டேன் என்று கணவர் காரிலேயே இருந்துவிட்டார். பதின்மூன்று வயது மகள்தான் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூச்சுக்கூடப் பெரிதாக விடாமல் உள்ளே வந்தாள். செம்மஞ்சள் உடம்பு, முதுகில் சிவப்புத் திட்டுகள், என் சுண்டுவிரல் பருமன். சோளப்பாம்பு என்று பெயர். நஞ்சும் இல்லை, சோளமும் தின்னாது.

இதற்காக அவள் இரண்டு வருடம் காத்திருந்தாள். முதலில் பூனை கேட்டாள், எனக்குத் தும்மல் வரும். நாய் கேட்டாள், வீட்டுச் சொந்தக்காரர் விடமாட்டார். கடைசியில் இதைக் கேட்டபோது மறுக்க எங்களிடம் காரணம் மிச்சமிருக்கவில்லை.

விலங்குக் காப்பகத்துப் பெண் வரிவரியாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். முதல் வாரம் தொடக் கூடாது, உற்றுப் பார்க்கவும் கூடாது. கண்ணாடித் தொட்டிக்குள் ஒளிந்துகொள்ள இரண்டு சிறு குகைகள், ஒரு பக்கம் சூடு, ஒரு கிண்ணம் தண்ணீர், வெளியே போர்த்த ஒரு துணி. ஏழாம் நாள், உறைய வைத்த எலியை இளக்கிக் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று முறை ஒழுங்காகத் தின்ற பிறகுதான் கையில் எடுக்கலாம். ஒரு மாதத்துக்குள் தின்னாவிட்டால் திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும். இந்தக் கடைசி வரியைக் கேட்டதும் மகளின் முகம் சுருங்கிப்போனது.

நான் அவளைத் தேற்றினேன். எனக்கா இதெல்லாம் தெரியாது? பதினொரு வருடமாக வில்லரேப் பகுதியில் ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பதுதான் என் வேலை. புதுப் பிள்ளைகள் வந்து சேருவதும் இதே வாரத்தில்தான். பெற்றோருக்குக் கொடுக்க ஒரு தாளே அச்சடித்து வைத்திருக்கிறேன்: முத்தம் கொடுங்கள், போய்விடுங்கள், யன்னலால் எட்டிப் பார்க்காதீர்கள், எட்டிப் பார்த்தால் பிள்ளை பழக இன்னும் ஒரு வாரம் எடுக்கும். கதவுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கும் தகப்பன்மாரை நான் விரட்டுகிற விரட்டில் அவர்கள் மெட்ரோ வரைக்கும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமையை ஒருவாறு கடத்தினேன். திங்கட்கிழமை மகள் பள்ளிக்கூடம் போனதும் வீடு அமைதியானது. நான் பத்து மணிக்குத்தான் வேலைக்குப் போக வேண்டும். புட்டைக் கோப்பையில் போட்டுக்கொண்டு இருந்தேன். தொட்டி இருந்த மகளின் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன், உள்ளே அது இன்னும் ஒன்றும் தின்னவில்லை.

என் பழக்கம் அப்படி. வந்தவர் சப்பாத்தைக் கழற்ற முன்னமே, “சாப்பிட்டாச்சோ?” என்று கேட்டுவிடுவேன். சுடுதண்ணீர்த் தாங்கி திருத்த வந்த மனிதன்கூட இரண்டு ரோல்ஸ் தின்னாமல் இந்த வீட்டை விட்டுப் போனதில்லை. ஓர் உயிர் வந்து மூன்று நாள், நாங்கள் மட்டும் மூன்று வேளையும் தின்றுகொண்டிருக்கிறோம். ஒருதரம் பார்ப்பதால் என்ன வந்துவிடப்போகிறது என்று துணியை விலக்கி, குகையைத் தூக்கினேன். சுருண்டு கிடந்தது. நாக்கை நீட்டியது. உயிரோடுதான் இருக்கிறது என்று நிம்மதியாக வேலைக்குப் போய், அன்று நான்கு தாய்மாரை யன்னலடியிலிருந்து துரத்தினேன்.

செவ்வாயும் தூக்கிப் பார்த்தேன். புதன்கிழமை, எழும்பிப் போகப் பஞ்சிப்படும் என்று தண்ணீர்க் கிண்ணத்தை அதன் வாயடியில் நகர்த்தி வைத்தேன். வெள்ளிக்கிழமை செய்ததைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கம். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் முட்டைகூட உடைப்பதில்லை. அன்று தலைமுழுகி, சாமி விளக்கும் கொளுத்திவிட்டு, ஃபிரீசரில் மீனுக்குப் பக்கத்தில் கிடந்த எலிப் பொதியைத் திறந்து, ஒன்றை வெந்நீரில் இளக்கி, இடுக்கியால் பிடித்துப் பாம்பின் மூக்கடியில் நீட்டினேன். “கொஞ்சமெண்டாலும் சாப்பிடு ராசா,” என்று கெஞ்சவும் செய்தேன். அது தலையை உடம்புக்குள் புதைத்துக்கொண்டது. எலியை மூன்று பைகளில் சுற்றிக் குப்பையில் போட்டேன்.

மறுநாள் மகளின் முறை. சொல்லித் தந்தபடி எல்லாம் அளவாகச் செய்தாள். பாம்பு தின்னவில்லை. அடுத்த சனிக்கிழமையும் தின்னவில்லை. மூடியைத் திறந்ததுமே பதறிக் கண்ணாடியில் போய் முட்டியது. ஏனென்றால் அந்த வாரமும் நான் சும்மா இருக்கவில்லை.

அன்று அவள் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு குசினிக்கு வந்தாள்.

“அம்மா, அதுக்கு என்னைப் பிடிக்கேல்ல. நான் காப்பகத்துக்குக் கோல் பண்ணப் போறன். அது பாவம். இஞ்ச இருந்து பட்டினி கிடக்க வேண்டாம்.”

குரல் உடையவில்லை. முடிவெடுத்துவிட்ட குரல் அது, அதுதான் என்னைப் போட்டு உலுக்கியது. இரண்டு வருடம் ஆசைப்பட்ட பிள்ளை, தன்னில்தான் பிழை என்று நம்பிவிட்டாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் பாம்பு போய்விடும், என் குட்டும் வெளிப்படாது. அந்த எண்ணம் வந்ததற்காக எனக்கு என்மீதே கோபம் வந்தது.

“உன்னில பிழையில்லையம்மா. நான்தான். ஒவ்வொரு நாளும் தூக்கிப் பாத்தனான். வெள்ளிக்கிழமை சாப்பாடும் குடுத்துப் பாத்தனான்.”

“வெள்ளிக்கிழமையோ?” என்று கேட்டது கணவர். அவருடைய கவலை அவருக்கு.

மகள் தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். அடுத்த நாள் காலை அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. என்னுடைய தாள்தான், பிரெஞ்சில் நான் அச்சடித்தது. ‘பிள்ளை’ என்று வருகிற இடமெல்லாம் வெட்டி ‘பாம்பு’ என்று எழுதியிருந்தாள். கீழே பெற்றோர் ஒப்பமிடும் கோட்டில் என் கையெழுத்தைக் கேட்டாள். போட்டுக் கொடுத்தேன். அந்த வாரம் முழுக்க அந்தக் கதவைத் தாண்டும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். கணவருக்கு என்னைப் பார்த்துச் சிரிப்பு அடங்கவில்லை.

அடுத்து வந்த சனிக்கிழமை, எலி வெந்நீரில் இளகிக்கொண்டிருக்கும்போது, “நீங்கள் வீட்டிலயே நிக்க வேண்டாம். நான் மெசேஜ் போட்டாப் பிறகு வாங்கோ,” என்றாள். சப்பாத்தைப் போட்டேன். வாசலில் வைத்துக் கேட்டாள்.

“என்னை முதல் நாள் கார்டெரியில விட்டிட்டு நீங்கள் உடன போனனீங்களோ?”

இனி மறைத்து என்ன. அவளுக்கு அப்போது இரண்டு வயது. ஜனவரி. விட்டுவிட்டு நான் பிரெஞ்சு வகுப்புக்குப் போக வேண்டும். போகவில்லை. அவள் அழுகை கேட்ட யன்னலுக்குக் கீழே, பனிக்குள் நின்றேன். மூன்று நாள் அப்படியே நின்றேன். நான்காம் நாள் நிர்வாகிப் பெண் வெளியே வந்து, நிற்பதென்றால் உள்ளே வந்து நில், குசினியில் ஆள் இல்லை என்றாள். அன்று உள்ளே போனவள்தான், இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன்.

“நான் கேட்டது, உடன போனனீங்களோ எண்டு,” என்றாள் மகள். “நீங்கள் இன்னும் போகவே இல்லை!” சிரித்துச் சிரித்துக் கதவைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னை ஒருதரம் இறுக்கிக் கட்டிப்பிடித்து, வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

மூலையில் உள்ள சின்னக் கடைக்கு, டெப்பனருக்குப் போனேன். வீட்டில் பால் இருந்தது, இன்னொரு பால் வாங்கினேன். கடைக்காரருக்கு இரண்டு தரம் பொன்ஜூர் சொன்னேன். வெளியே வந்து நின்றபோது, எங்கள் வீட்டு யன்னல் அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது.

தொலைபேசி அதிர்ந்தது. படம் ஒன்று. பாம்பின் வாயில் எலியின் வால் மட்டும் மிச்சமிருந்தது. கையில் எடுக்க இன்னும் இரண்டு சாப்பாடு கிடந்தது, ஆனாலும் அது இனி எங்கள் வீட்டுப் பாம்புதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. படத்துக்குக் கீழே எழுதியிருந்தாள்: “சாப்பிடுது. இப்ப வராதேங்கோ.”

பாலோடு இன்னும் அரை மணித்தியாலம் நின்றேன், யன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.