திருமயம் வரை

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துபோனதைக்கூட ஒருவழியாகத் தாங்கிக்கொண்டேன். பேச்சு போனதைத்தான் தாங்க முடியவில்லை. பம்புசெட்டு விற்கும் வேலையில் ஊர் ஊராகச் சுற்றி வாயாலேயே பிழைத்தவர் அவர். கல்யாண வீடானாலும் இழவு வீடானாலும் அவரைச் சுற்றி நாலு பேர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்படிப்பட்டவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை. ‘சரி.’ பசிக்கிறதா என்றாலும் அதுதான், வலிக்கிறதா என்றாலும் அதுதான். வேண்டாம் என்று சொல்ல நினைக்கும்போதும் வாயில் அதுதான் வந்து விழும். மற்றவர்கள் பேசுவதெல்லாம் அவருக்கு நன்றாகப் புரிகிறது, திருப்பிச் சொல்லத்தான் வழி அடைபட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னார்.

கோயம்புத்தூரில் நாங்கள் இரண்டு பேர்தான். மகள் கல்யாணமாகி வெளிநாட்டில் இருக்கிறாள். அந்த வருடப் பொங்கல் லீவில் புதுக்கோட்டைப் பக்கம் போய், அவருடைய தங்கை, அண்ணன், நண்பர் எல்லோரையும் பார்த்துவிட்டு வரலாம் என்று நான்தான் ஏற்பாடு செய்தேன். பழகிய முகங்களைப் பார்த்தால், பழகிய பேச்சு காதில் விழுந்தால், உள்ளே ஏதாவது அவிழ்ந்துகொள்ளும் என்று ஒரு நம்பிக்கை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண்ணும் அது நல்ல யோசனை என்றாள்.

எப்போதும் அவர்தான் வண்டி ஓட்டுவார். அவருக்கு உடம்பு முடியாமல் போன பிறகுதான் நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினேன். கரூர் தாண்டி லாரிகளை நான் முந்தும்போதெல்லாம் பக்கத்து சீட்டில் அவருடைய இடது கால் இல்லாத பிரேக்கை அழுத்தி அழுத்தி மிதித்தது. இலுப்பூர் பக்கம் வந்தபோது வேனில் ஜல்லிக்கட்டு மாடுகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். முன்பெல்லாம் வண்டியை ஓரங்கட்டி, மாட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுத்து, அரை மணி நேரம் கழித்துத்தான் வருவார். இப்போது கண்ணாடியை இறக்கிவிட்டு, வேன் மறையும்வரை பார்த்துக்கொண்டு வந்தார். நானும் வேகத்தைக் குறைத்து அதன் பின்னாலேயே போனேன்.

தங்கை வீடு அன்னவாசலில். அண்ணனைக் கண்டதும் கட்டிக்கொண்டு அழுதாள். மத்தியானம் அவள் வீட்டுக்காரரின் சொந்தங்களும் சேர்ந்து பந்தியில் உட்கார்ந்தார்கள். இவருக்கும் இலை போட்டுக் கறிக்குழம்பு ஊற்றினார்கள். வீட்டில் இடது கையில்தான் சாப்பிடுவார், பழகிவிட்டது. அங்கே இடது கையை இலைக்குக் கொண்டுபோனவர், எதிரில் இருந்தவர்கள் பார்ப்பதைக் கவனித்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். நான் ஸ்பூன் கேட்பதற்குள் தங்கையே பக்கத்தில் உட்கார்ந்து பிசைந்து ஊட்டத் தொடங்கினாள். ஆசையாகத்தான் செய்தாள். இரண்டு வாய் வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிட்டார்.

“வயிறு நெறஞ்சிருச்சாண்ணே?” என்று கேட்டாள்.

“சரி” என்றார். அவள் இலையை எடுத்துவிட்டாள். பிறகு உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு நான் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்தேன். முழுவதையும் தின்றார்.

மறுநாள் திருவரங்குளத்தில் அண்ணன் வீடு. இவர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஊர்க்காரர்கள் பார்க்க வந்துகொண்டே இருந்தார்கள். காது கேட்காதவரிடம் பேசுவதுபோலச் சத்தம் போட்டு அவரிடம் இரண்டு வார்த்தை கேட்பார்கள். அவர் சரி என்பார். அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் என் பக்கம் திரும்பி, சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, பாத்ரூம் தானாகப் போகிறாரா என்று அவர் எதிரிலேயே விசாரிப்பார்கள். அப்புறம் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். சாயங்காலம் டிவியில் மாடு பிடிக்கும் போட்டி ஓடியபோது, எல்லோருக்கும் மறைக்கிறது என்று அவருடைய நாற்காலியை ஜன்னல் ஓரமாக நகர்த்திப் போட்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதனால் யாரையும் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டது திருமயத்துக்காக. அங்கேதான் அவருடைய நண்பர் இருக்கிறார். பாலிடெக்னிக் விடுதியில் ஒரே அறை. வேலை, கல்யாணம் என்று பிரிந்த பிறகும் தினமும் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் போனில் பேசிக்கொள்வார்கள். அப்படி என்னதான் பேசுவார்களோ, நான் அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போயிருக்கிறேன். பக்கவாதம் வந்த புதிதில் நண்பர் கூப்பிட்டு, போனை அவர் காதில் வைக்கச் சொல்லிப் பேசிப் பார்த்தார். சரி, சரி என்ற பதிலைக் கொஞ்ச நாள் கேட்டார். அப்புறம் போன் வரவில்லை.

திருமயம் போகிற அன்று காலையில் இவர் தானே சவரம் செய்துகொண்டார். தாடையில் வெட்டிக்கொண்டு, பஞ்சை ஒட்டிக்கொண்டு வந்து நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைதான் வேண்டும் என்று பெட்டியைக் காட்டினார்.

வருவதை முதல் நாளே போனில் சொல்லியிருந்தேன். கோட்டைக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. நண்பரின் மனைவி வாசலுக்கு வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனாள். தன் வீட்டுக்காரர் அவசர வேலையாகக் காரைக்குடி போயிருக்கிறார், வந்துவிடுவார் என்றாள். டீ வந்தது. அதிரசமும் முறுக்கும் வந்தன. அவள் என் முகத்தைப் பார்க்காமல் பேசிக்கொண்டே இருந்தாள். இவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் ஆனது. எங்கே வந்துகொண்டிருக்கிறார் என்று கேட்கலாமே என்று நான் நண்பரின் நம்பரை அழுத்தினேன்.

மாடியில் போன் அடித்தது.

நான் கட் செய்தேன். மாடியிலும் நின்றது. பிறகு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“மன்னிச்சிருங்கக்கா. அவுக மேலதான் இருக்காக. காலையிலேருந்து வாசலுக்கும் வீட்டுக்குமா நடந்துக்கிட்டுதான் இருந்தாக. கார் சத்தம் கேட்டதும் ஏறிப் போயிட்டாக. அண்ணன இப்புடிப் பாக்க ஏலலைங்கிறாக. நான் என்ன செய்யட்டும்?”

இவருக்கு எல்லாம் புரிந்தது. கைத்தடியை ஊன்றி எழுந்து, காலை இழுத்து இழுத்து மாடிப்படிக்குப் போனார். கைப்பிடி வலது பக்கம் இருந்தது. ஒரு படிகூட ஏற முடியாது. அங்கேயே நின்று அண்ணாந்து பார்த்தார். வாய் கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது. நண்பரை அவர் ஒரு பட்டப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். அதைச் சொல்லத்தான் முயன்றார் என்று எனக்குத் தெரியும்.

“சரி” என்றார். மறுபடியும் வாயைத் திறந்தார். “சரி... சரி...”

மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மேலே போய் அந்த மனுஷரைச் சட்டையைப் பிடித்து இழுத்துவரலாம் என்று படியில் கால் வைத்தேன். இவர் தடியைக் கீழே போட்டுவிட்டு இடது கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அதற்குமேல் அந்த வீட்டில் எங்களுக்கு என்ன இருக்கிறது? அவள் கார்க் கதவுவரை அழுதுகொண்டே வந்தாள். நான் வண்டியைக் கிளப்பினேன்.

இன்னும் இரண்டு வீடுகளுக்கு வருவதாகச் சொல்லியிருந்தோம். போகவில்லை. நேராகக் கோயம்புத்தூருக்கு ஓட்டினேன். வழியில் ஒரு கடையில் நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டார். அது ஆறிப்போகும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

அடுத்த வாரம் பேச்சுப் பயிற்சிக்காரப் பெண் வந்தாள். படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டாள். அவர் வாயே திறக்கவில்லை. அதற்கடுத்த முறை, அவள் வந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். சில மாதங்கள் பார்த்துவிட்டு, அவராக விரும்பினால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு அவளும் நின்றுவிட்டாள். நண்பரின் மனைவி ஒருமுறை போன் செய்தாள். நாங்கள் கிளம்பிய பிறகு அவர் இறங்கி வந்து தெருமுனைவரை ஓடினாராம். இதை என்னிடம் ஏன் சொல்கிறாள் என்றுதான் தோன்றியது. நண்பர் வரவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.

நான் தினமும் வேலை முடிந்து வந்து, பஸ்ஸில் நடந்தது, ஆபீஸில் நடந்தது, மகள் போனில் சொன்னது என்று எல்லாவற்றையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பதிலே வராத பேச்சை ஒரு ஆள் எத்தனை நாள் பேச முடியும்? கொஞ்சம் கொஞ்சமாக நானும் குறைத்துக்கொண்டுவிட்டேன். இப்போதெல்லாம் தட்டை வைத்துவிட்டு, மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டு, டிவியைப் போட்டுவிடுகிறேன்.