ராஜ்கமல் போனுக்கு வரும் எண்கள்

அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே போன் அடித்தது. அமிர்தம் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து, மூச்சு வாங்கிக்கொள்வதைப் போலச் சற்றே சும்மா இருந்து, மறுபடியும் அடித்தது.

“எடேன் அமிர்தம். உன் யூனிவர்சிட்டியே வாசல்ல வந்து நிக்குது. உள்ள விடலன்னா எப்படி?” என்றார் சக்கரபாணி. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த ஊரடங்கில் அவருக்கு மிச்சமிருந்த ஒரே பொழுதுபோக்கு மனைவியைச் சீண்டுவதுதான்.

“நீங்களே எடுத்துப் பேசுங்க. லாகின் ஆவலன்னு அழுவாங்க. ஆறுதல் சொல்லுங்க.”

“எனக்கு லாக்கப்பு தெரியும். லாகின்லாம் தெரியாது தாயே.”

அமிர்தத்துக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்கக்கூடத் தெம்பு வேண்டியிருக்கிறதே!

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரம் போய்வந்ததுதான் அவள் வாழ்க்கை என்று சொல்லிவிடலாம். கல்யாணமான புதிதில் அங்கே ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. அன்றிலிருந்து காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள், சாயங்காலம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்தாள். புத்தகம் எடுத்துக் கொடுப்பாள், தேதி முத்திரை குத்துவாள், திரும்பி வந்ததை அடுக்குவாள். இரண்டு பிரசவத்துக்கும் மாமியாரின் சாவுக்கும் தவிர நீண்ட லீவு எடுத்ததில்லை. பிள்ளைகள் படித்து வெளியூர் போனார்கள். முட்டி வலி மட்டும் உள்ளூரிலேயே தங்கிவிட்டது.

கொரோனா வந்து நூலகத்தைப் பூட்டியபோது, சரி, கொஞ்சம் உட்காரலாம் என்று அவள் ரகசியமாகச் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. “இனிமே உங்க போன்தாம்மா கவுண்டர்” என்றார் தலைமை நூலகர். மாணவர்கள் வீட்டிலிருந்தே இணையத்தில் ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படிக்க ஏற்பாடு ஆகியிருந்தது. உள்ளே நுழைய முடியாதவர்களுக்கு அமிர்தம் போனில் வழி சொல்ல வேண்டும். பழைய கவுண்டருக்குச் சாயங்காலமானால் மூடும் நேரம் இருந்தது. இந்தக் கவுண்டருக்கு அது இல்லை.

அதிலும் ஒரு பெரிய சிக்கல். நுழையும்போதெல்லாம் ஓடிபி என்று ஒரு எண் போனுக்கு வரும். அதை மூன்று நிமிடத்துக்குள் போட வேண்டும். பாதிப் பேருக்கு அந்த எண் வரவே இல்லை. விசாரித்தால், எல்லாம் ஒரே போனுக்குப் போய்க்கொண்டிருந்தது!

அந்தப் போன் ராஜ்கமலுடையது. சிதம்பரம் ரயிலடிப் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவன். சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் எல்லாம் அவன் கடையில்தான் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்வார்கள். போன் நம்பர் கேட்கும் இடம் வந்தால், “நீங்க ஆஃபர் பாத்து மாசத்துக்கு ஒரு சிம்மு மாத்துவீங்க. என் நம்பரப் போட்டுடறேன், அது கல்லு மாதிரி நிக்கும்” என்று தன் எண்ணையே போட்டுவிடுவான். நல்ல மனசோடு செய்த காரியம்தான். கணினியும் அதையே நம்பிப் பிடித்துக்கொண்டது. மாற்ற வேண்டுமென்றால் அதற்கும் ஓடிபி அவன் போனுக்கே போகும்.

ஆனால் ராஜ்கமல் ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை. கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் இருந்தவன், அமிர்தம் கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுப்பான்.

“சொல்லுங்கக்கா, யாரு உள்ள போவணும்? எழுதிக்கங்க, நாலு, ஒம்போது, ஒம்போது…”

“உனக்குத்தான்டா எவ்ளோ தொந்தரவு.”

“இன்னும் ரெண்டு மாசம் போனா எனக்கே டாக்டர் பட்டம் குடுத்துருவாங்கக்கா. எல்லாருக்கும் கதவ தொறந்து விட்டது நான்தான?”

அவன் இப்படி உடனுக்குடன் சொன்னதால் யாருமே எண்ணை மாற்றிக்கொள்ளவில்லை. அமிர்தமும் அப்புறம் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம் என்று ஒரு வருடத்தை ஓட்டிவிட்டாள்.

இரண்டாவது அலை வந்தது. ஒரு நாள் கூப்பிட்டபோது எடுத்தது ராஜ்கமல் இல்லை. அவன் மனைவி மங்கலம்.

“அவுரு இல்லக்கா” என்றாள். கடைக்குப் போயிருக்கிறான் போல என்றுதான் அமிர்தம் நினைத்தாள். மறுமுனையில் எழுந்த ஓலம் அவள் நினைப்பைச் சுக்குநூறாக்கியது. ஆஸ்பத்திரிக்குப் போனவனை மூட்டையாகக் கட்டித்தான் கொடுத்தார்களாம். முகத்தைக்கூடக் காட்டவில்லையாம். அமிர்தம் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

துக்கம் கேட்பதென்றால் நேரில் போக வேண்டும். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும். பஸ் இல்லை, பாஸ் இல்லாமல் கடலூரைத் தாண்ட முடியாது. போகாமலேயே நாட்கள் போயின. அந்த எண்ணை அமுக்க அவள் விரல் கூசியது. ஓடிபி கேட்ட பிள்ளைகளிடம் “கொஞ்சம் பொறுங்கப்பா” என்று சொல்லிச் சமாளித்தாள்.

பொறுக்க முடியாதவள் ஒருத்தி இருந்தாள். இன்றைக்கு, இந்தக் குழம்பு கொதிக்கும் நேரத்தில், விடாமல் கூப்பிட்டவள் அவள்தான். சோனங்குப்பத்து மீனவர் வீட்டுப் பெண், இலக்கியா. கடற்கரையில் மத்தி மீன் வரத்து குறைந்ததைப் பற்றி ஆராய்ச்சி செய்பவள்.

“மேடம், ஆய்வேட்ட குடுக்க இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிதான் கடைசி. இதுக்கு மேல நீட்டிப்பு கெடையாது. ரெண்டு கட்டுரைய படிச்சி சேத்து எழுதச் சொல்லியிருக்காங்க. உள்ளயே போவ முடியல. இன்னிக்கு விட்டா பதிவே ரத்தாயிடும் மேடம்.”

அமிர்தம் தலைமை நூலகரைக் கூப்பிட்டாள். அவரும் காய்ச்சலில் படுத்திருந்தார். மென்பொருள் கம்பெனிக்காரர்களின் போனில் பாட்டு மட்டும் ஓடியது. அவளுடைய சொந்தக் கணக்கோ வளாகத்துக்குள் மட்டும்தான் திறக்கும்.

“அந்த வூட்டுக்கு ஒரு போன் போடு” என்றார் சக்கரபாணி, இப்போது கேலி இல்லாமல்.

“என்னான்னு கேக்கறது? காரியம்கூட முடியல. துக்கம் கேக்கப் போவல. மொத வார்த்தையே நம்பர் குடுன்னா? அவ என்னா நெனைப்பா? மனுசங்களா நாம?”

“அப்ப இந்தப் பொண்ணு அஞ்சு வருசமா படிச்சது?”

அமிர்தம் அடுப்பை அணைத்தாள். ராஜ்கமலின் எண்ணை அமுக்கினாள். இலக்கியாவையும் அதே அழைப்பில் சேர்த்துக்கொண்டாள்.

“மங்கலம், நான் லைப்ரரி அமிர்தம் பேசறேன்மா.”

துக்கம் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். கடைசியில், எது வரக்கூடாதோ அதுதான் வந்தது.

“அவன் போனுக்கு ஒரு நம்பர் வரும். அத கொஞ்சம் படிச்சி சொல்றியாம்மா?”

இலக்கியா பொத்தானை அழுத்தினாள். மங்கலத்தின் பக்கம் டிங் என்று சத்தம் கேட்டது. அவ்வளவுதான், அவள் உடைந்துவிட்டாள்.

“இந்தச் சத்தம் வந்தா சோத்துல கைய வெச்சிருந்தாலும் ஏந்திரிச்சி ஓடுவாரேக்கா! தட்டுல சோறு காஞ்சி கெடக்கும். இப்பவும் அது அடிச்சிக்கிட்டேதான் இருக்கு. ஏந்திரிக்கத்தான் ஆளு இல்ல.”

நிமிடங்கள் கரைந்தன. அழுகிறவளிடம் சீக்கிரம் சொல் என்று எந்த வாயால் கேட்பது? எண் காலாவதியாகிவிட்டது.

இலக்கியா மெல்ல இரண்டாவது தடவை அழுத்தினாள். மறுபடி டிங். மங்கலம் அழுகையோடு திரையைத் தடவினாள். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வேறு எதையோ திறந்தாள். அதில் ராஜ்கமலின் படம் இருந்தது போலும். “ஐயோ” என்று ஒரு கேவல். அந்த எண்ணும் போயிற்று.

மூன்றாவது தடவையும் தவறினால் கணக்கு அன்று முழுக்கப் பூட்டிக்கொள்ளும். அமிர்தத்துக்கு அது தெரியும். இலக்கியாவுக்கும் தெரியும்.

“மேடம்” என்றாள் இலக்கியா. “வேணாம் மேடம். விட்டுடுங்க. அவுங்க அழுவட்டும். எங்க வூட்லயும் கடலுக்குப் போய்த் திரும்பாத ஆளு உண்டு. அந்த நேரத்துல வந்து வேலை சொன்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். எம் படிப்பு போனா போவுது.”

அழுகை சட்டென்று நின்றது.

“யாரு பேசறது?” என்றாள் மங்கலம்.

“நான்தான் அக்கா, சோனங்குப்பம் இலக்கியா.”

“மத்தி பொண்ணா? அவுரு உன்ன அப்படித்தான் சொல்வாரு. மத்தி பொண்ணு சீக்கிரம் முடிச்சிரும்னு. என்னா ஆச்சி, முடிக்கலியா?”

“இன்னிக்கு கடைசி நாளுக்கா. இந்த நம்பர் இல்லன்னா முடிக்க முடியாது.”

மங்கலம் மூக்கை உறிஞ்சினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்ளும் சத்தம்கூடப் போனில் கேட்டது.

“இன்னொரு வாட்டி அனுப்பச் சொல்லு. எங்க பாக்கணும்னு சொல்லுங்கக்கா. நான் அப்புறமா அழுதுக்கறேன்.”

அமிர்தத்தின் கண்ணில் அதுவரை வராத தண்ணீர் அப்போது கொட்டியது. “மேல இருந்து வெரலால கீழ இழும்மா. மொதல்ல நிக்கும் பாரு” என்றாள்.

டிங்.

மங்கலம் ஒவ்வொரு எண்ணாக, எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தையைப் போலச் சொன்னாள். இலக்கியா திருப்பிச் சொன்னாள். பிறகு மூன்று பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“தொறந்துடிச்சி மேடம்!” என்று கத்தினாள் இலக்கியா. “அக்கா, தொறந்துடிச்சிக்கா!”

“போ, போயி எழுது. மணி ஆவுது” என்றாள் மங்கலம்.

இலக்கியா விலகிக்கொண்டாள். இணைப்பில் இப்போது இரண்டு பேர்தான். அமிர்தத்தின் காதுக்குள் இன்னொரு அழைப்பு கொக், கொக் என்று இடித்தது. யாரோ ஒரு மாணவன். அவள் எடுக்கவில்லை. முட்டி வலிக்க வலிக்கச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

“மங்கலம்.”

“சொல்லுங்கக்கா.”

“நேர்ல வர முடியல தாயி. போனையே கையின்னு நெனைச்சிக்க. இப்ப அழு. நான் வெக்க மாட்டேன்.”

சிதம்பரத்தில் ஒருத்தி அழத் தொடங்கினாள்.