நாலாவது மனை

மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த வீட்டுக் கொல்லையில் கிணறு இருந்தது. கிணறு எல்லோருக்கும் பொது, கயிறு மட்டும் வீட்டுக்கார மாமியுடையது. தன் வேலை முடிந்ததும் மாமி தாம்புக் கயிற்றை ராட்டினத்திலிருந்து உருவிக்கொண்டு போய்த் தன் சமையலறை ஆணியில் மாட்டிவிடுவாள். குடித்தனக்காரர்கள் சொந்தக் கயிறு போட்டால் ராட்டினம் தேய்ந்துவிடுமாம். அப்படி ஒரு சட்டம் எந்த ஊரில் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதனால் அம்மா தினமும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமியின் வாசற்படிக்கு வெளியே நிற்பாள்.

"மாமி, கயிறு தரேளா?"

முதல் தடவை மாமிக்குக் காது கேட்காது. இரண்டாவது தடவை கேட்டதும், "இப்பத்தானே எடுத்தேள்?" என்று அலுத்துக்கொண்டே கயிற்றை நீட்டுவாள். அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அத்தனை வருடங்களில் ஒருநாளாவது அவர் தலையை நிமிர்த்திப் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை. மாமியிடம் வராத கோபம் எனக்கு அவரிடம்தான் வந்தது.

அறுபதுகளின் கடைசியில், திருவான்மியூரில் கடலை ஒட்டி மனை போடுகிறார்கள் என்று அப்பா ஆபீஸிலிருந்து செய்தி கொண்டுவந்தார். பெரிய மனிதர்கள் பங்களா கட்டிக்கொள்ள வாங்கிப் போடுகிற இடம். அவர்களுக்கு நடுவே ஒரு குமாஸ்தாவுக்கும் மனை என்பதில் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அங்கே போய் நரியோடு குடித்தனம் நடத்தப் போகிறாயா என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அங்கே கிணறு தோண்ட விடுவாளா?"

"நம்ம நிலத்துல நாம தோண்டறதுக்கு யாரைக் கேக்கணும்?" என்றார் அப்பா.

அம்மா கையிலிருந்த வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். "எனக்கு மாடி வேண்டாம், பால்கனி வேண்டாம். எவளையும் கேக்காம ஒரு குடம் ஜலம் எடுக்கணும். அது போதும்."

பத்திரம் பதிவானது. ரோடு வளைகிற இடத்திலிருந்து நாலாவது மனை என்று தரகர் சொல்லியிருந்தார். எங்கே பார்த்தாலும் மணல், சவுக்கு, கடல் இரைச்சல். ஒவ்வொரு மனைக்கும் மூலையில் ஒரு கல் நட்டிருந்தார்கள். அளந்து காட்ட ஆள் வைத்துக்கொள்ளலாமே என்று அம்மா சொன்னாள். "நாலு கல்லை எண்ண ஒருத்தனுக்குக் கூலியா?" என்று அப்பா தானே எண்ணிக்கொண்டு நடந்தார். அடுத்தவர் கணக்கில் பிழை கண்டுபிடிப்பதுதான் ஆபீஸில் அவருக்கு வேலை. நாலாவது கல்லுக்கு அம்மா மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள்.

வீடு கட்டத் தண்ணீர் வேண்டும் என்பதால் முதலில் கிணறு. சிமெண்ட் உறைகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். ஊற்று வந்ததும் கிணறு தோண்டுகிறவர் உள்ளேயிருந்து கத்தினார்.

"எம்மா! கல்கண்டு மாரி கீது தண்ணி! கடலு பக்கத்துல இப்டி நான் பாத்ததே இல்ல!"

அம்மா மயிலாப்பூர்க் குளத்தருகே ஒரு கடையில் வாங்கிவைத்திருந்த புதுக் கயிற்றைத் தானே வாளியில் கட்டி இறக்கினாள். முதல் வாளியை மண்ணுக்கு விட்டாள். இரண்டாவதில் ஒரு கை அள்ளிக் குடித்தாள். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நாங்கள் பஸ் பிடித்து அங்கே போனோம். வீடு கட்டப் பணம் சேரவில்லை. செடி கொடி கூடக் கிடையாது. அம்மா தண்ணீரை இறைத்து மணலில் கொட்டுவாள், மறுபடி இறைப்பாள், மறுபடி கொட்டுவாள். மயிலாப்பூரில் அரிசி களைந்த தண்ணீரைக்கூட வீணாக்காதவள்.

"எதுக்கும்மா வீணா இறைக்கறே?" என்று கேட்டேன்.

"ஏன்னு கேக்க இங்கே யார் இருக்கா?" என்று சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்தச் சிரிப்பு இரண்டு வருஷம்கூட நீடிக்கவில்லை. அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரித் தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறது என்று குடிக்க மறுத்தாள். அப்பா ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, கூஜாவை எடுத்துக்கொண்டு தினமும் திருவான்மியூருக்குப் போனார். தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துத்தான் கொடுக்கவேண்டும் என்றார்கள். அப்படிக் கொடுத்தும் ஒரு வாயிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். "நம்மாத்து ஜலம்" என்பாள். கடைசிவரை அவள் வாயில் இறங்கியது அந்தத் தண்ணீர்தான். அவள் போனபின் கயிற்றைச் சுருட்டி அப்பா பரண்மேல் வைத்தார்.

சில வருடம் கழித்துக் கடன் கிடைத்தது. கடன் கொடுத்தவர்கள் மனையை அளந்த வரைபடம் கேட்டார்கள். சர்வேயர் சங்கிலியோடு வந்தார். ரோடு வளைவில் சவுக்கு வேலிக்கு அடியில் மணலைத் தள்ளச் சொன்னார். அங்கே ஒரு கல் புதைந்திருந்தது. அதுதான் முதல் கல்.

அப்பா எண்ணியது அதற்கு அடுத்த கல்லிலிருந்து. எங்கள் மனை காலியாகப் பக்கத்தில் கிடந்தது. அம்மா மஞ்சள் பூசிய கல்லும், அம்மாவின் கிணறும் அஞ்சாவது மனையில் இருந்தன.

அப்பா வளைவுக்குத் திரும்பிப் போய், ஒவ்வொரு கல்லையும் கையால் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தார். மறுபடி போனார். சர்வேயர் கடைசியில், "சார், வுடுங்க சார்" என்றார். அப்பாவை வாய்க்கு வந்தபடி கேட்கவேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது.

அஞ்சாவது மனைக்காரர் டில்லியில் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தவர், தங்கமான மனிதர். உறைக்கு ஆன செலவைக் கொடுத்துவிடுகிறேன் என்றார். அப்பா வாங்கிக்கொள்ளவில்லை. மனையை மாற்றிக்கொள்ளலாமா என்று சில மாதம் கழித்து அப்பா கேட்டபோது மட்டும் தயங்கினார். அவர் வீட்டு அஸ்திவாரம் அதற்குள் எழும்பியிருந்தது.

நாங்கள் எங்கள் மனையில் ஒரு கிணறு தோண்டினோம். அதே ஆள்தான் தோண்டினார். இந்தத் தடவை உள்ளேயிருந்து சத்தமே வரவில்லை. மேலே ஏறிவந்து, "உப்பு சார். மண்ணு அப்டி, இன்னா பண்றது?" என்றார். வீடு கட்டிக் குடிவந்தபின் அது குளிக்கவும் துணி தோய்க்கவும் ஆயிற்று. குடிக்கவும் சமைக்கவும் தெருக்கோடிக் குழாய்தான்.

"எங்காத்துக் கிணத்துல எப்ப வேணா எடுத்துக்கோங்கோ, கேக்கவே வேண்டாம்" என்று அடுத்த வீட்டு மாமி, அஞ்சாவது மனைக்காரரின் மனைவி, எத்தனையோ தரம் சொல்லியிருந்தாள். நல்ல மனுஷிதான், பொய்யில்லை. ஆனால் தெரு நாய்க்குப் பயந்து அவர்கள் வீட்டு கேட் எப்போதும் உள்ளே தாழிட்டிருக்கும். கூப்பிடாமல் போக முடியாது. அப்பா ஒருநாளும் போகவில்லை, என்னையும் போகவிடவில்லை.

புது வீட்டில் அம்மாவுக்கு முதல் திவசம் வந்தது. சமையலுக்கு அன்று குழாய்த் தண்ணீர் ஆகாது, கிணற்று ஜலம்தான் வேண்டும்; எங்கள் கிணறோ உப்பு. நான் போய் எடுத்து வருகிறேன் என்றேன். அப்பா பரணில் ஏறி அம்மாவின் கயிற்றை எடுத்தார். ஈர வேட்டியோடு, குடத்தை ஒரு கையிலும் கயிற்றை மறு கையிலும் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டு கேட்டுக்கு வெளியே போய் நின்றார். நான் எங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாமி" என்றார். குரல் எழும்பவில்லை. உள்ளே யாருக்கும் கேட்கவில்லை.

குடத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, கொஞ்சம் உரக்க, இரண்டாவது தடவை கூப்பிட்டார்.

"மாமி, ஜலம் எடுத்துக்கட்டுமா?"